இளம் ஊதா ஃப்ராக்

ஜனவரி 5, திங்கள்

இந்த டைரி ஏ பிளாக் ஆடிட்டர் சார் கொடுத்தது. அவருக்கு வருஷா வருஷம் டைரி மூட்டையாக வரும் போலிருக்கிறது. இஸ்திரிக்கு வந்த சட்டைகளோடு இதையும் சேர்த்து வைத்து, கணக்கு எழுதிக்கொள்ளச் சொன்னார். என் கணக்கெல்லாம் மண்டையிலேயே இருக்கிறது. ஆனாலும் பன்னிரண்டாவதில் தமிழில் பள்ளிக்கே முதலாக வந்தவள் நான். நல்ல தாளை வீணாக்க மனசு வரவில்லை. இஸ்திரிப் பெட்டியில் தணல் பிடிக்கிற நேரத்தில் எழுதலாம்.

என் பெயர் பூங்காவனம். இந்த அபார்ட்மென்ட் கேட்டுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கிறதே, அந்தத் தள்ளுவண்டி எங்களுடையது. முன்பு என் வீட்டுக்காரர்தான் தேய்ப்பார். கரிப்புகை நெஞ்சில் இறங்கிவிட்டது. இப்போது பெட்டியைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது. கரண்ட் பெட்டி வைத்துக்கொள்ள ஒரு இணைப்பு கொடுங்கள் என்று அசோசியேஷனில் கேட்டோம். பரிசீலிக்கிறோம் என்றார்கள். மூன்று பொங்கலாகப் பரிசீலிக்கிறார்கள், பாவம், பெரிய விஷயம்தானே.

என் மகள் மோனிஷா மூன்றாம் வகுப்பு. அரசாங்க இலவச ஒதுக்கீட்டுக் குலுக்கலில் பெயர் விழுந்து, இந்த அபார்ட்மென்ட் பிள்ளைகள் படிக்கிற அதே பெரிய பள்ளியில் படிக்கிறாள். பள்ளி வேன்காரர் வீட்டுத் துணிக்கு நான் காசு வாங்குவதில்லை, அவர் மோனிஷாவுக்கு வாங்குவதில்லை. அவளை மட்டும் கேட் வாசலில் இறக்காமல் மருந்துக்கடை முனையில் இறக்கச் சொல்லியிருக்கிறேன். இங்கே வண்டிகள் அதிகம். அங்கே நிழலாகவும் இருக்கும்.

ஜனவரி 7, புதன்

அவர் கேட்கிறார், மரத்தடியை விட மருந்துக்கடையில் என்ன நிழல் என்று. வேலை இல்லாத மனுஷனுக்கு எல்லாம் கண்ணில் படுகிறது.

ஜனவரி 13, செவ்வாய்

பொங்கல் துணி. பட்டுப்புடவைகளாக வந்து குவிகின்றன. எழுத நேரமில்லை.

ஜனவரி 19, திங்கள்

மோனிஷா வகுப்பில் தியா என்று ஒரு பெண். இவளுக்கு உயிர்த் தோழி. ஏ பிளாக்கில்தான் வீடு. வருகிற ஞாயிறு அவளுக்குப் பிறந்தநாள், இங்கேயே கிளப் ஹவுஸில் விழா. என் போனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. எல்லாக் குழந்தைகளும் லாவண்டர் நிறத்தில் உடுத்தி வரவேண்டுமாம். லாவண்டர் என்றால் என்ன என்று மோனிஷாவைக் கேட்டேன். ஊதாவில் நிறையப் பால் ஊற்றின மாதிரி இருக்கும் என்றாள். அவளுக்கு அதெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அவளிடம் இருப்பது சிவப்புப் பாவாடை ஒன்று, தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் சுடிதார் ஒன்று. ஒரு குழந்தைக்கு இன்ன நிறத்தில் சட்டை இருக்கும் என்று இவர்கள் எப்படி அவ்வளவு நிச்சயமாக நினைக்கிறார்கள்? கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இல்லாமல் இருக்கும் என்று தோன்றவே தோன்றாது, அவ்வளவுதான்.

போகாவிட்டால் என்ன என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். பிறகு சாப்பிடவில்லை.

ஜனவரி 21, புதன்

மார்க்கெட் தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒன்றில் இருந்தது. அட்டையைத் திருப்பி விலையைப் பார்த்துவிட்டு, கொக்கியில் இருந்த மாதிரியே மாட்டிவிட்டு வந்தேன். அவருக்கு மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்தும் இந்த வாரம்தான் தீர்ந்தது.

ஜனவரி 22, வியாழன்

பி பிளாக் சிந்து மேடம் வீட்டுத் துணி வந்தது. பெரிய மூட்டை. அவர் பெண் மிஹிராவின் துணிகளே பாதி.

ஜனவரி 23, வெள்ளி

சிந்து மேடம் வீட்டில் வேலை செய்யும் தேவகி அக்கா மூட்டையைக் கேட்டு வந்தார். கரி ஈரமாகிவிட்டது, திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கரியும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது.

ஜனவரி 24, சனி

எங்கள் ஜனத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் வீடுகளிலிருந்து வெளுக்க வருகிற துணியில் நல்லதாக ஒன்றை எடுத்து ஒரு கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ உடுத்திக்கொண்டு போவோம். திரும்பி வந்ததும் வெளுத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்துவிடுவோம். திருட்டு இல்லை, கடனும் இல்லை. கொடுத்தவர்களுக்கும் தெரியும். பண்டிகைக்குக்கூட நமக்கென்று துணி எடுக்க முடியாதவர்களின் கையில் ஊர்த் துணியெல்லாம் கிடந்தால் வேறு என்ன நடக்கும்? பார்த்தும் பாராமல் போய்விடுவார்கள்.

ஒருமுறை மட்டும் அப்படிப் போகவில்லை. செய்யாறு பக்கம் எங்கள் ஊரில் தேர்த் திருவிழா. அப்பா ஒரு மயில்கண் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். வேட்டிக்குச் சொந்தக்காரர் எதிரே வந்தார். அங்கேயே அவிழ்க்கச் சொன்னார். அத்தனை ஜனத்துக்கு நடுவில் அப்பா அவிழ்த்து, மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார். மடித்துக் கொடுத்ததுதான் எனக்கு மறக்கவில்லை. நான் அப்போது மோனிஷா வயது.

இதை எதற்கு இன்று எழுதுகிறேன்? சும்மா ஞாபகம் வந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

மோனிஷா விழாவுக்குப் போய் வந்தாள். இளம் ஊதா நிறத்தில், இடுப்பில் வெள்ளை ரிப்பன் வைத்து, வலைத்துணியில் மூன்றடுக்கு ஃப்ராக். பெட்டியைச் சூடு ஆறவிட்டு, மேலே பருத்தித் துணி விரித்து, ஒவ்வொரு அடுக்காகத் தேய்த்திருந்தேன். போட்டுக்கொண்டு அவள் திரும்பி நின்றபோது அவரே எழுந்து உட்கார்ந்துவிட்டார். எங்கே வாங்கினாய் என்று கேட்டார். நான் குனிந்து மோனிஷாவுக்குத் தலை பின்ன ஆரம்பித்தேன். புரிந்துகொண்டார்.

மோனிஷாவிடம் உண்மையைத்தான் சொன்னேன். "இது ஒரு அக்காவோடது. இன்னிக்கு மட்டும். யாரு கேட்டாலும் எங்கம்மா வாங்கிக் குடுத்ததுன்னு சொல்லு. சட்டை மேல எதையும் சிந்திடாத."

கிளப் ஹவுஸ் ஜன்னல் என் வண்டியிலிருந்து தெரியும். பலூன் தெரிந்தது. ஒரே நிறத்தில் இத்தனை குழந்தைகள். எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

திரும்பி வந்தவள் நேராகச் சோற்றுப் பானையைத் திறந்தாள். அங்கே கேக், ஐஸ்கிரீம், நூடுல்ஸ் எல்லாம் இருந்ததாம். ஒன்றையும் தொடவில்லையாம். "சிந்திடுச்சுன்னா?" என்றாள். ஐஸ்கிரீம் என்றால் தெருவையே புரட்டிப் போடுகிற பெண். கையைப் பின்னால் கட்டிக்கொண்டே விளையாடினாளாம்.

பிறகு சாப்பிட்டுக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள். ஒரு ஆன்ட்டி வந்து ஃப்ராக் ரொம்ப நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்களாம். யார் அந்த ஆன்ட்டி என்று கேட்டேன். மிஹிரா அக்காவின் அம்மா என்றாள்.

துருவித் துருவிக் கேட்டேன். திட்டினார்களா? இல்லை. முறைத்தார்களா? இல்லையே, போட்டோ எடுத்துக்கொண்டார்கள், இதே மாதிரி மிஹிராவுக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்றார்கள்.

தன் பெண்ணின் சட்டை. கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார். அடையாளம் தெரியவில்லை.

தப்பித்தோம் என்று சாமிக்குக் கற்பூரம் ஏற்றினேன். ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் கோபம் கோபமாக வருகிறது. மோனிஷாவுக்கு இதுவரை எடுத்த சட்டை ஒவ்வொன்றும், எந்தக் கடை, எந்த மழையில் போய் வாங்கினோம் என்பது வரைக்கும் எனக்குச் சொல்லத் தெரியும். மறப்பதற்கு நிறைய இருக்கவேண்டும் போலிருக்கிறது.

ஜனவரி 26, திங்கள்

துவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்து, மூட்டையோடு கொடுத்தாகிவிட்டது. இனி இந்தப் பேச்சு வேண்டாம்.

ஜனவரி 30, வெள்ளி

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேனில் இப்போது தியா மோனிஷாவுக்கு இடம் பிடித்து வைக்கிறாளாம். உங்கள் வீடு எங்கே என்று கேட்டிருக்கிறாள். மரத்துக்குப் பக்கத்தில் என்றாளாம் இவள். பொய் இல்லையே அம்மா என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பள்ளியில் மதியமே விட்டுவிட்டார்கள். மோனிஷா மருந்துக்கடை முனையில் இறங்கி நடந்து வந்தாள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால் வீடு பூட்டியிருந்தது. யூனிஃபார்மும் புத்தகப் பையுமாக வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். பசி என்றாள். கொஞ்சம் பொறு, இந்த ஒரு புடவை என்றேன்.

கேட்டிலிருந்து சிந்து மேடம் வந்தார். கையில் அந்த ஃப்ராக். தேர்த் திருவிழாவில் நின்ற அப்பா கண்முன்னால் வந்தார்.

அவரோ சிரித்துக்கொண்டே வந்தார். "பூங்காவனம், என் கூத்தைக் கேளுங்க. ஒரு ஃப்ராக்குக்காக ஒரு வாரமா கடை கடையா அலையறேன். இன்னிக்கு பீரோவைத் திறந்தா இதே ஃப்ராக் எங்க வீட்டுலயே இருக்கு" என்றார். பீரோவில் திணித்ததில் கசங்கிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை மிஹிராவின் டான்ஸ் நிகழ்ச்சிக்குள் மறுபடி தேய்த்துக் கொடுக்கவேண்டுமாம். சந்தேகம் துளிகூட இல்லை அந்த முகத்தில். உலகத்தில் ஒரே மாதிரி இரண்டு சட்டை இருக்கும் என்று நம்புகிற முகம். நல்ல மனுஷிதான்.

அப்போதுதான் மோனிஷாவைப் பார்த்தார்.

"ஏய், நீதானே அது! அன்னிக்குப் போட்டிருந்தியே. துணி குடுக்க வந்தியா? நீ எந்த பிளாக்?"

மோனிஷா என்னைப் பார்த்தாள். சும்மா பார்த்தாள். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. நான் வாயைத் திறந்தேன்.

"ஆமா மேடம். துணி குடுக்க வந்த பாப்பா" என்றேன்.

என் வாய்தான் சொன்னது.

மோனிஷா என்னிடமிருந்து கண்ணை எடுத்து மேடம் பக்கம் திரும்பினாள். பிறகு, "ஏ பிளாக், ஆன்ட்டி" என்றாள். மேடத்துக்கு ஒரே குஷி. ஞாயிற்றுக்கிழமை நீயும் அந்த ஃப்ராக்கைப் போட்டுக்கொண்டு வா, இரண்டு பேரும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கலாம், போட்டோ எடுக்கிறேன் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, என் மகள் அபார்ட்மென்ட் கேட்டுக்குள் நடந்தாள். வாட்ச்மேன் சாமுவேல் அண்ணனுக்கு அவளைப் பிறந்ததிலிருந்து தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார்.

மேடம் போன பிறகும் அவள் வரவில்லை. உள்ளே சறுக்குமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாளாம். சாமுவேல் அண்ணன்தான் கூட்டி வந்தார். பசியோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள். "கரெக்டா சொன்னேனாம்மா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 4, புதன்

இன்று வேன் கேட் வாசலிலேயே நின்றது. தியா இறங்கினாள், அவளோடு இவளும் இறங்கினாள். ஏ பிளாக் என்று சொல்லிவிட்டாளே, பிறகு மருந்துக்கடையில் எப்படி இறங்குவாள்? இரண்டு பேரும் என் வண்டியைத் தாண்டிப் போனார்கள். போகிறபோது மோனிஷா நின்று, "இஸ்திரி அக்கா, எங்க துணி ரெடியா?" என்றாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கேட்டாள். தியா பார்க்காதபோது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

பெட்டி ஒரே இடத்தில் நின்று யாரோ ஒருவரின் சட்டைக் காலர் பழுப்பாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு துணியைப் பொசுக்கியதில்லை.

அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருமி முடித்துவிட்டுச் சொன்னார். "உங்கப்பாவுக்கு ஊர்க்காரன் பண்ணான். இவளுக்கு நீ பண்றே, பூங்கா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன்.

மருந்துக்கடையில் நிழல் எல்லாம் இல்லை. எழுதிவிட்டேன், போதுமா.

பிப்ரவரி 6, வெள்ளி

ஃப்ராக்கைத் தேய்த்து எடுத்துக்கொண்டு நானே பி பிளாக் போனேன். வேலைக்காரர்களுக்கான லிஃப்ட் பழுது. மற்ற லிஃப்டில் நாங்கள் ஏறக்கூடாது. படியிலேயே ஏறினேன். மோனிஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன்.

சிந்து மேடம் கதவைத் திறந்ததும், ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன். விட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். "மேடம், இவ என் பொண்ணு. அன்னிக்கு இவ போட்டிருந்தது இந்த ஃப்ராக்தான். உங்க மூட்டையிலேருந்து நான் எடுத்துப் போட்டேன். மேடம், அது தப்பு. அன்னிக்குத் துணி குடுக்க வந்த பாப்பான்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு."

அவர் என்னைப் பார்த்தார், மோனிஷாவைப் பார்த்தார், கடைசியாக ஃப்ராக்கைப் பார்த்தார். திட்டவே இல்லை. நான் எதிர்பார்த்தது ஒன்றும் நடக்கவில்லை. "என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார். கொடுத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்பதற்குத்தான் எனக்கு வாய் இல்லை. அதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

நான் நீட்டிய ஃப்ராக்கை அவர் வாங்கவில்லை. "பரவால்ல, அதை நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். மிஹிராவின் டான்ஸுக்கு என்று கேட்டேன். அவளுக்கு வேறு நிறைய இருக்கிறது என்றார். மோனிஷா உடம்பில் பார்த்து ஆசைப்பட்டு ஊரெல்லாம் தேடிய சட்டை. மோனிஷா யார் என்று தெரிந்ததும் அதை மிஹிராவுக்குப் போட அவருக்கு மனசு வரவில்லை. அவருக்கே அது தெரிந்திருக்குமோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை இரட்டைப் பிள்ளைகள் என்ற பேச்சையும் எடுக்கவில்லை. கதவு மெதுவாகத்தான் மூடியது.

வேண்டாம் என்று விட்டெறிந்துவிட்டு வந்திருக்கலாம். ரோஷம் இருந்தது. ஆனால் மோனிஷாவுக்கு அது பிடித்த சட்டை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

படி இறங்கும்போது மோனிஷா கேட்டாள். "இது இப்போ என்னோடதா? அப்போ ஐஸ்கிரீம் பட்டா பரவால்லையா?" பரவாயில்லை என்றேன். அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கனமாகிவிட்டாள், இருந்தாலும் ஒரு மாடி வரைக்கும் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

பிப்ரவரி 9, திங்கள்

வேன் வருகிற நேரத்துக்குக் கேட் வாசலில் போய் நின்றேன். புடவையில் கரித் தூள், கையில் கரித் தூள். அப்படியேதான் நின்றேன். மோனிஷா இறங்கினாள். பழக்கத்தில் என்னைத் தாண்டி ஏ பிளாக் பக்கம் காலை வைத்தாள். "மோனி, இங்க வா. அம்மா வந்திருக்கேன்" என்று வேனுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். நின்றாள். நிஜமாகவா என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வெள்ளைச் சட்டையில் என் விரல்கள் ஐந்தும் பதிந்துவிட்டன.

தியா வேன் படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இடம் பிடித்து வைப்பாளா, தெரியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இடம் பிடித்து வைக்கிறாள். ஒரு நாள் மட்டும் வைக்கவில்லையாம். கேட்டதற்கு, வேண்டாம் என்று அம்மா சொன்னார்கள் என்றாளாம் தியா. அடுத்த நாள் அவளே கூப்பிட்டிருக்கிறாள். அந்த வீட்டில் என்ன பேசினார்களோ.

பிப்ரவரி 16, திங்கள்

சிந்து மேடம் வீட்டிலிருந்து துணி வராது என்றுதான் நினைத்திருந்தேன். வந்தது. தேவகி அக்கா கொண்டுவந்தார். எப்போதும் மூட்டையை வண்டியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். இன்று போகவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் முடிச்சை அவிழ்த்தார்.

"எண்ணிக் குடுக்கச் சொன்னாங்க, பூங்கா. வாங்கும்போதும் எண்ணித்தான் வாங்கணுமாம். என் மேல கோவிச்சுக்காத."

அவர் மேல் எனக்கென்ன கோபம்? எண்ணுங்க அக்கா என்றேன். இத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் துணி இந்தக் கையில் போய் வந்திருக்கும். யாரும் எண்ணியதில்லை.

மோனிஷா பள்ளி விட்டு வந்து வண்டிக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள். தேவகி அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதைப் பார்த்ததும் புத்தகத்தை மூடினாள். தனக்குத் தெரிந்த விளையாட்டு என்று எழுந்து வந்தாள். "நான் எண்றேன், நான் எண்றேன்" என்று ஒரு துணிக்கு ஒரு தட்டு தட்டி, வகுப்பில் சொல்வது போல ஒன், டூ, த்ரீ என்று தெருவுக்கே கேட்க எண்ண ஆரம்பித்தாள். தேவகி அக்கா பாதியில் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பெட்டியில் தணலை ஊதுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

கடைசிச் சட்டையையும் தட்டிவிட்டு மோனிஷா நிமிர்ந்தாள். "கரெக்டா இருக்குதும்மா. ஒண்ணுகூட குறையல" என்றாள்.

ஆமாம் கண்ணு, ஒன்றுகூடக் குறையவில்லை என்றேன்.